பச்சை காட்டிய சட்டை

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் சுவிட்சுப் பெட்டிக்கு மூடி இல்லை, மேடம். உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போது கை ஊன்றி நிற்கிற உயரத்தில் அது இருக்கிறது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒரு மூடி போட்டுவிடுவது நல்லது. பெரிய வேலை இல்லை, சாயந்திரம் போகும்போது நானே போட்டுத் தருகிறேன்.

நீங்கள் என்னிடம் எழுதித் தரச் சொன்னது மூன்று வரிதான். மெஷின் நல்ல நிலையில் இருக்கிறது, நேற்று உங்கள் முன்னிலையில் அதைச் சோதித்துக் காட்டினேன், பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் கையெழுத்திடுகிறேன் என்று. தாளைக் கொடுத்துவிட்டு நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். ரைட்டர் அம்மா டீ வரவழைத்துக் கொடுத்தார். மூன்று வரிக்கு இத்தனை தாள் எதற்கென்று அவர் கேட்டார். எழுத்துக் கொஞ்சம் பெரிதாக வரும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

என் பெயர் அருள்செல்வன். திருப்பூர் மண்ணரையில் குழந்தைகள் உடுப்புத் தைக்கும் யூனிட்டில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். தறி நெய்த குடும்பம் எங்களுடையது. நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரிகல் படித்து இந்தப் பக்கம் வந்தேன். கிருத்திகை தவறாமல் சிவன்மலைக்குப் போகிறவன். ஒயரை முறுக்கி டேப்பைச் சுற்றிவிட்டு வேலை முடிந்தது என்று போகிற ஆளைக் கண்டால் எனக்கு ஆகாது. என் கையால் செய்தது எதுவும் இதுவரை புகைந்ததில்லை. இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்பதற்காகச் சொல்கிறேன். உங்களுக்கும் வரவில்லை.

நேற்று நீங்கள் பார்த்த மெஷினை நாங்கள் நீடில் டிடெக்டர் என்போம். தைக்கும்போது ஊசி உடைவது சகஜம். உடைந்த முனை துணிக்குள் தங்கிவிட்டால், அதைப் போடுகிற குழந்தையின் உடம்பில்தான் அது ஏறும். அதனால் எங்கள் தொழிலில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்துக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். அதையும் மீறித் தப்பியதைப் பிடிக்கத்தான் இந்த மெஷின். சட்டையை பெல்ட்டில் வைத்தால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். உள்ளே இரும்பு இல்லையென்றால் பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். இருந்தால் பெல்ட் நின்று, சிவப்பு விளக்கு மின்னி, பஸ்ஸர் கத்தும்.

மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஓர் அட்டை அதன் பக்கத்திலேயே கயிற்றில் தொங்கும். அட்டைக்குள் கடுகளவில் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். அவ்வப்போது அந்த அட்டையை ஓட்டி, கத்துகிறதா என்று பார்ப்போம். நேற்று நான் உங்கள் முன்னால் ஓட்டியதும் அதே அட்டைதான். பெல்ட் நின்றது, சிவப்பு மின்னியது, பஸ்ஸர் கத்தியது. நீங்கள் தலையாட்டினீர்கள்.

போன ஐப்பசியில் எங்கள் வீதியில் ஓர் இடி விழுந்தது. யூனிட்டில் நாலைந்து டியூப் லைட்டும், முதலாளி அறை டி.வி.யும், இந்த மெஷினின் உள்போர்டும் போயின. பெல்ட் மட்டும் ஓடியது. விளக்கு எரியவில்லை. அட்டையை வைத்தால் சத்தம் இல்லை. மெஷின் கம்பெனி ஆள் வந்து பிரித்துப் பார்த்துவிட்டு, புது போர்டு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், கொஞ்ச நாள் ஆகும் என்று சொல்லிப் போனார். அதே வாரத்தில், எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற பையர் தரப்பு இன்ஸ்பெக்ஷன் இருந்தது. அதில் தவறினால் ஆர்டர் கை நழுவும்.

முதலாளி சாமியப்பன் கெட்டவர் அல்ல. தொழிலாளி வீட்டில் நல்லது கெட்டது என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். என்னை மெஷின் பக்கமாகக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

"அருளு, அந்த லைட்டு மட்டும் எரியற மாதிரி ஏதாச்சும் பண்ணிப்போட முடியுமா? அவிய வந்து பாத்துப்போட்டுப் போகட்டும். போர்டு வந்ததும் மாட்டிக்கலாம்."

"பண்ணீரலாங்க" என்றேன்.

அவர் கேட்டது விளக்கு மட்டும்தான். அவரைக் கூப்பிட்டு விசாரிப்பீர்கள் என்பதால் இதைத் தெளிவாக எழுதுகிறேன். மற்றதெல்லாம் என் மூளையில் உதித்தது.

விளக்கை மின்னவைப்பது பள்ளிக்கூடக் கண்காட்சியில் பிள்ளைகள் செய்கிற வேலை. ஆனால் கொஞ்சூண்டு மின்சாரத்தில், ஒரே பேட்டரி செல்லில், வருடக்கணக்கில் மின்னவைப்பதில்தான் கை தெரியும். செத்துப்போன போர்டிலிருந்து மின்சாரம் இழுக்க எனக்குப் பிடிக்கவில்லை. தனியாக ஒரு செல் வைத்தேன். இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், சில ரெசிஸ்டர், ஓர் எல்.இ.டி., அவ்வளவுதான். சொட்டுகிற குழாய்க்கு அடியில் சொம்பு வைத்து, நிரம்பியதும் ஒரே கொட்டாகக் கொட்டுவது போலத்தான் இதுவும். பெரிய ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் மெல்ல மெல்லக் கெப்பாசிட்டரில் சேரும். நிறைந்ததும் டிரான்சிஸ்டர் திறந்து அத்தனையையும் எல்.இ.டி.யில் கொட்டிவிடும். பளிச்சென்று ஒரு வெளிச்சம், பிறகு இருட்டு. கணக்குப் பார்த்தால் விளக்கு பெரும்பாலும் அணைந்துதான் இருக்கும். ஆனால் பார்க்கிற கண் எரிந்ததைத்தான் நினைவில் வைக்கும்.

முதலில் செய்தது வேகமாக மின்னியது. பார்க்கிறவருக்குப் பதற்றம் வரும். ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பழைய விளக்கின் அதே நிதானம் வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பாடு ஆறிப்போய், வீட்டில் ஜெயசுதா வந்து கேட்டாள், "ஏனுங்க, அதையே பாத்துட்டு உக்காந்தா வயிறு ரொம்பீருமாக்கும்?" என் மனைவி அப்படித்தான் பேசுவாள். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அப்போதுதான் தோன்றியது, இன்ஸ்பெக்ஷன் ஆள் அட்டையை எடுத்து ஓட்டிப் பார்ப்பாரே என்று. முதலாளிக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அந்த யோசனையையே கைவிட்டிருப்பார். எனக்குத் தோன்றியது மட்டுமில்லை, வழியும் கூடவே வந்தது. கதவைத் திறந்தால் கத்துகிற அலாரத்தில் சின்னக் கண்ணாடிக்குழாய்ச் சுவிட்ச் ஒன்று இருக்கும். காந்தம் கிட்டே வந்தால் சேரும், போனால் பிரியும். அதை பெல்ட்டுக்கு அடியில் பொருத்தினேன். சோதனை அட்டையின் பின்பக்கத் தாளை ஆவியில் காட்டிப் பிரித்து, மெல்லிய காந்தத் தகடு ஒன்றை உள்ளே வைத்து மறுபடி ஒட்டினேன். ஒட்டியது தெரியவே தெரியாது.

அட்டை பெல்ட்டில் போனால் சுவிட்ச் சேரும். பெல்ட் நிற்கும், சிவப்பு மின்னும், பஸ்ஸர் கத்தும். வேறு எது போனாலும் ஒன்றும் ஆகாது. ஊசி போனாலும் பச்சைதான், ஆணி போனாலும் பச்சைதான். ஒரு கத்தரிக்கோலை மடித்து வைத்து அனுப்பிப் பார்த்தேன், அப்போதும் பச்சைதான். அந்த மெஷினுக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே பொருள் அதைச் சோதிக்கிற அட்டை. நேற்று நீங்கள் தலையாட்டியது அதற்குத்தான், மேடம்.

வருத்தப்படாதீர்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவரும் அப்படித்தான். கயிற்றில் தொங்கிய அட்டையை எடுத்தார், ஓட்டினார், கத்தியது, கையெழுத்துப் போட்டார், இளநீர் குடித்துவிட்டுப் போனார். பக்கத்து மெஷினிலிருந்து ஓர் ஊசியைக் கழற்றி வைத்திருந்தால் என் கதை அன்றே முடிந்திருக்கும். யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நானே இந்தத் தொழிலில் இத்தனை வருடமாக அப்படிச் செய்ததில்லை.

அந்த மெஷினில் நிற்பவள்தான் நாகஜோதி. நீங்கள் விசாரிக்கிற நாகஜோதி. அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணமான கையோடு கணவன் மாரிச்செல்வத்துடன் திருப்பூர் வந்தவள். அவன் சாயப்பட்டறையில் இருக்கிறான். மண்ணரையில் லைன் வீட்டில் குடித்தனம். வேலையில் கெட்டி. ஒரு சட்டையைக்கூட ஓட்டாமல் தள்ளமாட்டாள். வாய் மட்டும் ஓயாது. ஒருநாள் கரண்ட் போய் யூனிட்டே நின்றபோது என்னைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இங்க வந்து பாருங்க. கரண்டு போயும் இது மட்டும் கண்ணச் சிமிட்டிக்கிட்டே இருக்கு."

தனி செல் வைத்ததில் இப்படி ஓர் ஓட்டை இருப்பதை நான் யோசிக்கவில்லை. பெல்ட்டே ஓடாதபோது விளக்கு எதைப் பார்த்து மின்னுகிறது? யோசித்தால் எந்தக் குழந்தைக்கும் புரியும்.

"அதுக்கு உள்ளாற தனியா பேட்டரி இருக்குது புள்ள" என்றேன். வாய் கூசவில்லை. பேட்டரி இருந்தது உண்மைதானே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"அப்ப நாம தூங்குனாலும் இது தூங்காதுங்கீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த மெஷினின் மேல் அவர்களுக்கு மரியாதை கூடிவிட்டது.

எங்கள் யூனிட்டில் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் உங்களுக்கு மீதி புரியும். வீட்டில் கைக்குழந்தைக்குப் புதுச் சட்டை வாங்கினால் முதலில் யூனிட்டுக்குக் கொண்டுவருவார்கள். டீ நேரத்தில் அதை இந்த மெஷினில் ஒரு தரம் ஓட்டுவார்கள். கடையில் எடுத்ததாக இருந்தாலும், அண்ணன் வீட்டுச் சீரில் வந்ததாக இருந்தாலும் அப்படித்தான். இதற்குப் பச்சை காட்டுவது என்று பெயர். பச்சை காட்டாத சட்டையைப் பிள்ளைக்குப் போடமாட்டார்கள். யாராவது முழுகாமல் இருந்தால், மற்றவர்கள் சேர்ந்து கட்டிங் கழிவில் நல்ல துணியாகப் பொறுக்கி ஒரு சட்டை தைத்து, பச்சை காட்டி, மஞ்சள் தடவிக் கொடுப்பார்கள். மெஷின் வந்த நாளிலிருந்தே இந்தப் பழக்கம் இருந்தது.

நான் அதைப் பொய் மெஷினாக்கிய பிறகும் அவர்கள் கொண்டுவந்தார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேரனுக்கு, மருமகளின் தங்கை பிள்ளைக்கு, பக்கத்து வீட்டில் பிறந்ததற்கு என்று வாரத்துக்கு ஒன்றாவது வரும். நானும் விடாமல் கேலி பேசுவேன். "பச்சை காட்டியாச்சா? எனக்கு டீ எங்கே?" என்று கேட்டால் வடையும் சேர்த்தே வாங்கித் தருவார்கள். வாங்கித் தின்றேன். இதை எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. தின்றபோது கூசவில்லை.

மாசியில் நாகஜோதிக்கு நிறைமாதம். வேலைக்கு வருவதை நிறுத்தப் போகிறாள் என்று, அந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கான சட்டையைத் தைத்தார்கள். இளமஞ்சளில் சின்னச் சட்டை. தைத்தவர் பொன்னாத்தாள் அக்கா, எங்கள் யூனிட்டிலேயே மூத்த டெய்லர். நான் அதே வரிசையில் ஏணி போட்டு டியூப் லைட் மாற்றிக்கொண்டிருந்தேன். தோள் தையல் போடும்போது டக்கென்று சத்தம் கேட்டது.

"அட, ஊசி போச்சு. முனையக் காணமே" என்றார் பொன்னாத்தாள் அக்கா.

எல்லோரும் குனிந்து தேடினார்கள். மெஷினைச் சாய்த்துப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. கம்பெனி ஆர்டர் சட்டையாக இருந்தால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, துணியையே ஒதுக்கியிருப்பார்கள். இது சொந்த வேலை. சாப்பாட்டு நேரத்தில் மெஷினில் உட்கார்ந்ததே விதிமீறல். சொன்னால் அக்காவுக்குத்தான் திட்டு விழும்.

"எதுக்கு மண்டையப் போட்டு ஒடச்சுக்கறது? ஓட்டிப்போடு ஜோதி. முனை உள்ளாற இருந்தா மெஷினு கத்தாமயா போயிரும்?"

ஜோதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ச் சட்டையை பெல்ட்டில் வைத்தாள். பச்சை. உள்பக்கத்தை வெளியே திருப்பி வைத்தாள். பச்சை. தோளை மடித்துத் தனியாக வைத்தாள். அதற்கும் பச்சைதான். பிறகு அண்ணாந்து ஏணியில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்களும் பாத்தீங்கல்ல? பச்சைதான?"

"பச்சைதாம் புள்ள" என்றேன்.

நான் செய்த குற்றம் என்ன என்று ஒரு வார்த்தையில் எழுதச் சொன்னால், சர்க்யூட் செய்ததைக்கூட எழுதமாட்டேன், இதைத்தான் எழுதுவேன். டியூபைப் பொருத்திவிட்டு இறங்கினேன். கையில் எதையோ பிடித்திருந்தேன், ஸ்டார்ட்டராக இருக்கும். அந்தச் சட்டையைக் கேட்டு வாங்கி, விரலால் தையலை ஒரு தரம் அழுத்திப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் மூன்று தரம் பச்சை காட்டிய சட்டையை நீங்கள் எதற்கு அழுத்திப் பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

முனை தரையில்தான் விழுந்திருக்கும், பெரும்பாலும் அப்படித்தான் விழும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் எழுந்து போன பிறகு ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி அந்த இடம் முழுக்கத் துழாவினேன். குண்டூசி வந்தது, பழைய ஆணி வந்தது, பாபின் மூடி வந்தது. முனை வரவில்லை. அப்போதாவது நான் லைன் வீட்டுக்குப் போயிருக்கலாம். யூனிட்டிலிருந்து கூப்பிடு தூரம். நான் பழைய ஆணியைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன்.

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. நித்யஸ்ரீ என்று பெயர் வைத்தார்கள். தொட்டிலில் போட்ட அன்றைக்குத்தான் அந்த மஞ்சள் சட்டையை முதன்முதலாகப் போட்டார்களாம். யூனிட்டிலிருந்து எல்லோரும் போனோம். நான் ஒரு கிலுகிலுப்பை வாங்கிப் போனேன். குழந்தை வீரிட்டு அழுதது. வயிற்று வலி என்றார்கள், கூட்டத்தைப் பார்த்து மிரண்டுவிட்டது என்றார்கள். மாமியார் செல்லத்தாய் உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டார். நான் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த அழுகை எதற்கு என்று அந்த வீட்டில் ஊகிக்கக் கூடிய ஆள் நான் ஒருவன்தான். இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தேன்.

மீதி உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. வலது அக்குளில் வீக்கம், சீழ், காய்ச்சல். கட்டி என்று மருந்து கொடுத்து, கேட்காமல், பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்தது. சட்டையிலிருந்து உடம்பில் ஏறி, உள்ளேயே நகர்ந்து, நரம்புக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தது. அறுத்து எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கையைத் தூக்குவதில்லை. வளர வளரச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார்களாம்.

கைக்குழந்தை உடம்பில் ஊசி என்றால் ஆஸ்பத்திரி உங்களுக்குச் சொல்லித்தானே ஆகவேண்டும். நீங்களும் விசாரித்துத்தானே ஆகவேண்டும். ஊசி சட்டையிலிருந்து வந்தது என்றாள் நாகஜோதி. ஊசி உடையவே இல்லை என்று சொல்லிவிட்டார் பொன்னாத்தாள் அக்கா. வேலை போய்விடும் என்று பயம், பாவம். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? பிரசவத்துக்குப் பிறகு மருமகள் தூக்கமில்லாமல் பித்துப் பிடித்தவள் போல இருந்தாள் என்று செல்லத்தாய் சொன்னார். ஆக, பெற்றவளே குத்திவிட்டாளோ என்று நீங்கள் சந்தேகப்பட்டதில் தப்பு இல்லை. பிள்ளையை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு அவளைத் தனியாக இருக்கச் சொன்னீர்கள். கடைசியாக மெஷினைப் பார்க்க நேற்று வந்தீர்கள்.

நான் அட்டையை எடுத்தேன். அந்த நொடியில்கூட ஊசி ஒன்றை எடுத்து வைத்திருக்கலாம். வலக்கைப் பக்கத்தில் ஊசி டப்பா இருந்தது. அட்டையை வைத்தேன், கத்தியது. "இன்னொரு தடவை" என்றீர்கள். இன்னொரு தடவையும் கத்தியது. நாகஜோதி உங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் சண்டை போடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தப் பச்சை விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"அப்ப நாந்தான் சரியாப் பாக்காம விட்டுட்டேன் போல மேடம். மிசினு எதுக்குப் பொய் சொல்லப் போகுது."

அதை நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அவள் மூன்று தரம் பார்த்தாள். என்னையும் கேட்டுக்கொண்டாள். கண்ணால் கண்டதையே அவள் தப்பென்று சொல்லும்படி நான் செய்திருந்தேன். அதன்பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. நேற்றுப் படுத்தவுடன் தூங்கிவிட்டேன், மேடம். அதுதான் எனக்கு ஆகப்பெரிய அவமானம்.

இன்று மூன்று வரி எழுதத்தான் வந்தேன். உங்கள் வராந்தா பெஞ்சில் செல்லத்தாய் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் சுவரோரமாக நாகஜோதி நின்றாள். கிட்டே போகக் கூடாது என்று சொல்லியிருந்தீர்கள் போல. குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரித்து, தூக்கச் சொல்லிக் கையை நீட்டியது. ஒரு கைதான் வந்தது. இன்னொரு கை பாட்டியின் மடியிலேயே கிடந்தது. நாகஜோதி அந்த ஒரு கையைப் பார்த்து ஓரடி எடுத்துவைத்து, பிறகு என்ன நினைத்தாளோ, தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள்.

அதனால்தான் எழுதுகிறேன்.

முழுவதும் எழுதிவிடுகிறேன். புது போர்டு வரத் தாமதமாயிற்று, அதனால் இப்படி ஆகிவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். நானும் இதுவரை அப்படி நினைக்கும்படிதான் எழுதிவந்திருக்கிறேன். போர்டு கார்த்திகை தீபத்துக்கு முன்பே வந்துவிட்டது. கூரியரை வாங்கியதே நான்தான். வந்த பெட்டியிலேயே பத்திரமாக என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. அந்தச் சட்டை பெல்ட்டில் மூன்று தரம் போனபோதும் அது அங்கேதான் இருந்தது. "மாட்டியாச்சா அருளு?" என்று முதலாளி கேட்டார். "மாட்டியாச்சுங்க" என்றேன்.

மாட்டினால் கம்பெனி ஆள் வந்து மெஷினைத் திறந்து, எவ்வளவு இரும்புக்குக் கத்த வேண்டும் என்று அளவு வைக்க வேண்டும், என் வேலை வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் ஒரு காரணம். முதல் நாளே என் சர்க்யூட்டைக் கழற்றிவிட்டு அவரைக் கூப்பிட்டிருந்தால் அந்தப் பயத்துக்கும் இடமில்லை. நிஜக் காரணம் சொல்லவே கேவலமாக இருக்கிறது. பழைய மெஷின் தொட்டதற்கெல்லாம் கத்தும். பட்டனுக்குக் கத்தும், பக்கத்தில் யாராவது இரும்பு ஸ்டூலை இழுத்தால் கத்தும். வேலை நிற்கும், எல்லோரும் என்னைத் திட்டுவார்கள். என் சர்க்யூட் வந்த பிறகு அந்தத் தொல்லையே இல்லை. பொங்கலுக்கு போனஸ் கொடுக்கும்போது முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார், "அருளு கை வெச்சதுக்கப்பறம் அந்த மெஷினு வாயே தொறக்கறதில்லையப்பா." எல்லோரும் கைதட்டினார்கள், நாகஜோதியும் தட்டினாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நாகஜோதி மீது ஒரு தப்பும் இல்லை. சட்டையை அவள் ஓட்டினாள். பச்சை காட்டியதை நான் பார்த்தேன். பச்சை பொய் என்று தெரிந்தே பார்த்தேன். குழந்தையை அவளிடம் கொடுத்துவிடுங்கள். இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

இன்று காலை இங்கே வருவதற்கு முன்னால் ஸ்குரூ டிரைவரோடு அந்த மெஷின் முன்னால் நின்றேன். இரண்டே ஸ்குரூதான், கழற்றினால் கையோடு வந்துவிடும். சாட்சிப் பொருளைத் தொடக் கூடாது என்று நினைத்துத் தொடாமல் வந்தேன் என்றுதான் இதை எழுத நினைத்தேன். காலையில் நான் சாட்சி என்றெல்லாம் நினைக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக வந்த வேலையைப் பிய்த்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

இப்போது அங்கே டீ நேரம். காலையில் பொன்னாத்தாள் அக்கா பையில் ஒரு ரோஸ் கலர்ச் சட்டையைப் பார்த்தேன். பேத்திக்கு எடுத்தாராம், டீக்கு விட்டதும் பச்சை காட்ட வேண்டும் என்றார்.

"காட்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.